பூசணிக் கையும் பாலை நாற்றும்

எலுவன்குளத்து நாற்றுமேடையிலிருந்து நான் ஓய்வு பெற்ற வருடம், பாலை மரத்தை நிறுத்திவிட்டுத் தேக்கு போடச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தர்கள் இரண்டு பேர் அன்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சேகு காக்கா, பூசணி மூணு மாசத்துல காய்க்குது. இந்தப் பாலை மூணு வருசமாகியும் முழங்காலுக்கு வரல்ல. எப்படித்தான் இவ்வளவு காலம் பொறுமையாப் பாத்தீங்க?" என்று கேட்டார்கள்.

பொறுமை என்ற சொல்லை என் பெயரோடு சேர்த்துச் சொன்ன முதல் ஆட்கள் அவர்கள்தான். என் மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்தே விழுந்திருப்பாள். நான் ஏதோ பகிடி சொல்லித் தப்பிவிட்டேன். உண்மையான பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது. அதனால் எழுதிவிடுகிறேன், எழுதும்போது என் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம் அது. கற்பிட்டியில் எங்கள் வீட்டுப் பிழைப்பு புகையிலையும் பூசணியும். மணலில் குழி தோண்டி, கருவாட்டு வாடியிலிருந்து அள்ளி வந்த மீன் கழிவைப் போட்டு மூடி, மேலே எருவைக் கொட்டி, நாலு விதை ஊன்றுவோம். அதோடு பாதி வேலை முடிந்தது. மற்றப் பாதி கட்டைவிரல் நகத்தின் வேலை. புகையிலைக்கு நுனியைக் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் பூத்து இலை மெலிந்துபோகும். பூசணி ஓர் ஆள் நீளம் ஓடியதும் அதற்கும் நுனியைக் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பெடுத்து ஓடிக்கொண்டே இருக்கும். கிள்ளினால் நாலாம் நாள் பக்கத்தில் இரண்டு கொடி வெடிக்கும். எங்கள் ஊரில் ஒருவன் உழைப்பாளியா சோம்பேறியா என்று பார்க்க அவன் கட்டைவிரலைத்தான் பார்ப்பார்கள். என் நகத்தில் இருந்த பச்சை, ஐந்து வேளைத் தொழுகைக்கும் வுழூச் செய்து கழுவியும் போகாத பச்சை.

ஒரு வருடம் புகையிலை நோயில் படுத்துவிட்டது. அந்த நகத்தைத் தூக்கிக்கொண்டு எலுவன்குளத்துக்கு வந்து, காட்டிலாகா நாற்றுமேடையில் நாட்கூலிக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. பயிற்சி என்றும் ஒன்று நடந்தது. முதல் நாள் மண்வெட்டி கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அதைத் திருப்பி வாங்கி, பிடிக்கும் விதத்தைக் காட்டிவிட்டு மறுபடி கொடுத்தார்கள். பயிற்சி அதோடு முடிந்தது, ஆறு மாதம் அப்படியே போய்விட்டது.

எங்கள் மேலதிகாரி றேஞ்சர் ஐயா யாழ்ப்பாணத்து மனிதர். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எங்கிருந்தாலும் எழுந்து வந்து பிழை திருத்துவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைலேஞ்சியால் துடைப்பார். கடுங்கோபம் வந்தால் துடைத்ததையே மறுபடி துடைப்பார். மற்ற ஊர்க்காரர் மேகத்தைப் பார்த்து மழை சொல்வார்கள். நாங்கள் லேஞ்சியைப் பார்த்து நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவோம்.

பாலைக்கு அவர் வைத்திருந்த முறை நூல் பிடித்த முறை. விதையைக் கரடான கல்லில் இரண்டு தரம் உரசி, ஓர் இரவு ஊறப்போட வேண்டும். ஓலைக் கூடையில் அரை விரல் ஆழத்தில், கண் பக்கம் பக்கவாட்டில் இருக்கும்படி புதைக்க வேண்டும். மேலே தென்னோலைக் கிடுகுப் பந்தல். மூன்று துளை போட்ட தேங்காய்ச் சிரட்டையால் காலையில் மட்டும் தண்ணீர். பத்து எண்ணும் நேரம், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. கிழமைக்கு ஒரு தரம் ஒவ்வொரு கூடையையும் தூக்கி ஓரடி தள்ளி வைக்க வேண்டும். "இல்லாட்டி வேர் கூடையைத் துளைச்சு நிலத்தைப் பிடிச்சிடும், விளங்குதோ?" என்பார். நான் முன்வரிசைக் கூடைகளைத் தள்ளி வைத்தேன். பின்வரிசைக்கு முதுகு வளையவில்லை. மேலே இரண்டு இலைதான் இருக்கிறது, கீழே மட்டும் என்ன பெரிய வேர் இருந்துவிடப் போகிறது என்பது என் கணக்கு.

விதை சேர்த்த கதையையும் சொல்ல வேண்டும். பாலை எல்லா வருடமும் நன்றாய்ப் பழுப்பதில்லை. பழுக்கும் வருடத்தில் வில்பத்துக் காட்டுக் கரடிகள் முழுக்க அந்த மரத்தடியில்தான் குடியிருக்கும். கரடி தின்று வெளியே விட்ட விதை கெதியாக முளைக்கும் என்று அந்தோனி சொன்னான். அந்தோனி கண்டக்குழி ஊர்க்காரன், மீன்பிடியை விட்டுவிட்டு எங்களோடு வேலைக்கு வந்தவன். அவன் பேச்சைக் கேட்டு நானும் சாக்கும் குச்சியுமாகக் கரடி எச்சம் கிளறப் போனேன். பற்றைக்குள் ஏதோ உறுமியது. அவ்வளவுதான் தெரியும். அடுத்த கணம் நான் தாழ்ந்த கிளையொன்றைப் பிடித்து மரத்தில் இருந்தேன். அது பாலை மரம் என்பதும், கரடி தினமும் ஏறும் மரம் என்பதும், ஏறி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கரடி மரத்தடிக்கு வந்து, என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்து, இவனைவிடப் பழம் மேல் என்று முடிவு செய்து, உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்னத் தொடங்கியது. நான் மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டிக்கொண்டேன் என்று சொல்வதும் பொய். என் இரண்டு கையும் அந்த மரத்தின் பாதியைக்கூடச் சுற்றவில்லை. கன்னம் பட்டையில் அழுந்தியிருந்தது. உச்சி வெயிலில் அந்தப் பட்டை குளிர்ந்திருந்தது. மேலே காற்றில் கிளைகள் ஆடின. நான் பிடித்திருந்த இடம் மயிரிழையும் அசையவில்லை. என் நெஞ்சு மட்டும் அதன்மேல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கூடையில் நான் சிரட்டைத் தண்ணீர் ஊற்றும் அந்த இரண்டு இலைக்கு, ஆகப்போகும் உருவம் இதுதான் என்று அப்போது தோன்றியது. பயத்தின் நடுவிலும் வாய் திறந்தபடி இருந்தேன். கரடி போன பிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. அதற்குக் காரணம் பக்தி என்று அந்தோனியிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

அந்த விதைகளை நாங்கள் நாற்றாக்கிய மறு வருடம், உலக யுத்தத்தால் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. அரச காணி எங்கும் உணவுப் பயிர் போடு என்று உத்தரவு வந்தது. நாற்றுமேடையில் பாதி இடம் பூசணிக்குப் போனது. எனக்குச் சொந்தக்காரன் வந்ததுபோல இருந்தது. அதனால்தான் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

பூசணியைச் சாதாரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் கொடியின் முன்னால் ஓர் ஈர்க்கைக் குத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், கொடியின் மெல்லிய கம்பி அதைத் தேடிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். கண் இல்லை, காது இல்லை, எப்படி அறிந்தது? நேற்று வாளி வைத்த இடத்தில் இன்றைக்கு இலை. விடியும்போது விரிந்த பூ வெயில் ஏற மூடிவிடும். அதற்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும். சுணங்கினால் காய் இல்லை. பூசணி என்பது விடியற்காலையிலேயே கதவைத் தட்டும் விருந்தாளி. கேட்டதைக் கொடு, கெதியாகக் கொடு, நிறையக் கொடு.

பாலை ஒன்றும் கேட்காது. கூடக் கொடுத்தால் அழுகும். பத்து மாதத்தில் ஒரு விரல் உயரம், ஐந்து இலை. நான் எண்ணும்போது ஒன்றை உடைத்துவிட்டதால் ஒரு கூடையில் நாலு.

இனி வெட்கக்கேட்டுக்கு வருகிறேன். காட்டிலாகாவின் வெள்ளைக்காரப் பெரிய துரை நாற்றுமேடை பார்க்க வருவதாகச் செய்தி வந்திருந்தது. நாட்கூலியான என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் அவர் கையெழுத்து விழ வேண்டும். றேஞ்சர் ஐயா புத்தளத்துக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுது, நான் பூசணிக்கு நுனி கிள்ளிக்கொண்டே வந்தேன். வரிசை முடிந்த இடத்தில் பாலைப் பின்வரிசை, நூற்றிருபது கூடை. நகம் சூடாக இருந்தது. பூசணி ஒன்று இரண்டாகிறது. பாலையும் இரண்டாகிவிட்டால் ஒரு கூடைக்கு இரண்டு மரம். துரை வாயில் கை வைப்பார். கிள்ளினேன். கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் வந்தது. பூசணியில் அப்படி வராது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு நூற்றிருபதையும் முடித்தேன்.

அந்தோனி வாளியோடு வந்து நின்றான்.

"என்னடா செய்யிற?"

"ரெண்டாக்குறன்."

"மரத்துட தலையக் கிள்ளினா அது எதால மச்சான் வளரும்?"

"பூசணி வளரல்லயா?"

"அப்ப உன்ட தலையக் கிள்ளினா ரெண்டு முளைக்குமா? முளைச்சாலும் ரெண்டும் உன்ட தலைதானே. என்ன பிரயோசனம்."

நாலாம் நாள் பார்த்தேன், ஒன்றும் வெடிக்கவில்லை. பத்தாம் நாளும் இல்லை. பதினைந்தாம் நாள் கிள்ளிய நுனிகள் கறுத்துக் காய்ந்தன. இனி விதை வேண்டுமானால் பாலை பழுக்க வேண்டும், அந்த வருடம் மரங்களில் பழமே இல்லை. கரடிகளுக்கே பட்டினி. என் வேலை போவது ஒரு பக்கம். அந்தப் பட்டையில் கன்னம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேனே, அப்படிப்பட்ட நூற்றிருபதை நகத்தால் கொன்றுவிட்டேன் என்ற நினைப்பு மறுபக்கம். என் மனைவி கேட்டாள், "மௌத்து வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறீங்களே, யார் போனது?" நான், "நூற்றிருபது பேர்" என்றேன். அவள் ஓதித் தண்ணீர் தெளித்தாள்.

துரை வர இரண்டு கிழமை இருந்தது. கூடைகளை எடுத்துப் பின்னால் காட்டுக்குள் ஒளித்துவிடத் தீர்மானித்தேன். முதல் கூடையைப் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கூடை ஓலை பிய்ந்து கையோடு வந்தது. நாற்று அப்படியே நின்றது. விரல் உயர நாற்று, தலையும் இல்லாத நாற்று, என்னைப் போன்ற ஓர் ஆம்பிளையை இழுத்துப்பிடித்து நிறுத்திவைத்திருந்தது.

மண்டியிட்டுக் கையால் மணலைத் தோண்டினேன். ஒரு வேர், நூல் பிடித்ததுபோல நேரே கீழே போனது. முழங்கை வரை தோண்டினேன். போய்க்கொண்டிருந்தது. தோள் வரை கையை விட்டேன். அங்கே மணல் ஈரமாக இருந்தது, வேர் அந்த ஈரத்தையும் தாண்டிப் போயிருந்தது. பக்கத்தில் பூசணிக் குழியைக் கிளறிப் பார்த்தேன். தரை முழுக்கப் படர்ந்த கொடிக்கு, விரித்த கை அளவில், மேல் மணலில் பரபரவென்று ஒரு வேர்க்கூட்டம். பத்து மாதமாக ஒன்றும் செய்யாமல் இருக்கிறது என்று நான் ஏசிய நாற்று, எனக்குத் தெரியாமல் கிணறு தோண்டிக்கொண்டிருந்திருக்கிறது. கை மணலுக்குள் இருக்க, கன்னம் தரையில் இருக்க, கரடி வந்த நாள்போல வாய் திறந்தபடி கிடந்தேன்.

"தொழுறியா மச்சான், செத்துட்டியா?" என்றான் அந்தோனி.

மணலை மெதுவாக மூடினேன். இதைத் தூக்க முடியாது, ஆனால் மறைக்கலாம். மறைப்பதற்கு என் சொந்தக்காரன் இருந்தான். பக்கத்துப் பூசணிக் கொடிகளுக்குக் கூடுதலாக மீன் கழிவு போட்டு, அவற்றைப் பின்வரிசைப் பக்கம் திருப்பிவிட்டேன். பூசணி நல்ல பிள்ளை. பன்னிரண்டு நாளில் நூற்றிருபது கூடையும் பச்சை இலைக்குள் மறைந்தன. நடுவில் ஒரு பிஞ்சும் பிடித்தது. நாற்றம் மட்டும் கற்பிட்டி வாடியை எலுவன்குளத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

துரை வந்தார். நெடிய மனிதர், சிவந்த கழுத்து. முன்வரிசையெல்லாம் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு வந்தவர், பின்வரிசைக்கு முன்னால் நின்றார். மூக்கைச் சுருக்கினார். கைத்தடியால் ஒரு பூசணி இலையைத் தூக்கியபடி என்னைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ கேட்டார்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்று மட்டும் விளங்கியது. "துரை, நான் வேணுமெண்டு செய்யல்ல" என்று தொடங்கினேன். கிள்ளியதைச் சொன்னேன், கறுத்ததைச் சொன்னேன், கூடை தள்ளி வைக்காததைச் சொன்னேன், வேரைச் சொன்னேன், பிள்ளைகள் மூன்று பேர் இருப்பதைச் சொன்னேன், கரடியையும் சொன்னேன். கரடி ஏன் வந்தது என்று எனக்கே தெரியாது. கடைசியில் அழுதும்விட்டேன். அந்தோனி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான்.

துரை றேஞ்சர் ஐயாவைப் பார்த்தார். றேஞ்சர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு இங்கிலீசில் நாலைந்து சொல் சொன்னார். துரை சிரித்து, என் தோளில் தட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

கார் போன பிறகு கேட்டேன். "ஐயா, துரை என்ன கேட்டார்?"

"இந்தப் பூசணிக்கு என்ன பசளை எண்டு கேட்டவர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மீன் கழிவு எண்டனான்."

"நான் அழுதத்துக்கு?"

"மணம் கண்ணிலை பட்டிட்டுது எண்டனான்." லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார். "இப்ப கொடியைத் தூக்கு."

ஒவ்வொரு இலையாக விலக்கினேன். அவர் கைத்தடியை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"எத்தினை?"

"நூற்றிருபது, ஐயா."

"ஏன்?"

"ஒண்டு ரெண்டாகுமெண்டு நினைச்சன்."

"அடியிலை ரெண்டாய்ப் பிரிஞ்ச மரத்திலை தண்டவாளக் கட்டை என்னெண்டடாப்பா அறுக்கிறது?"

அப்போதுதான் அவர் தடி ஓர் இடத்தில் நின்றது. கறுத்த நுனிக்குக் கீழே, இலைக் கணுவில், கடுகளவு சிவப்பு. எதிர்ப்பக்கக் கணுவிலும் ஒன்று. அடுத்த கூடையைப் பார்த்தோம், அதிலும் இரண்டு. நூற்றிருபதையும் பார்த்தோம். ஏழு செத்திருந்தன. மற்றதெல்லாம் கீழே இருந்த கிணற்றை நம்பி மறுபடி தொடங்கியிருந்தன. பூசணிக்கு நாலு நாள் எடுத்தது, இதற்கு ஒரு மாதம். தலை போனதையே அது ஆற அமர யோசித்திருக்கிறது.

றேஞ்சர் ஐயா தடியை ஊன்றி நிமிர்ந்து, "பாலைக்கு இப்பிடி ஒண்டும் புத்தகத்திலை எழுதேல்லை" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு தடுமாற்றத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "தளிர் கொஞ்சம் நீளட்டும். பிறகு ஒண்டை விட்டிட்டு மற்றதைக் கிள்ளு. எது நல்லது எண்டு எனக்கும் தெரியாது. பார்த்துச் செய்."

"என்னை அனுப்பிவிட மாட்டீங்களா, ஐயா?"

"உன்னை அனுப்பினா ஆர் இதைத் திருத்திறது? எனக்கு முழங்கால் மடியாது."

இரண்டு கிழமை பொறுத்துத் தொடங்கினேன். நடுவதற்குக் கூடைகளை எடுக்க வேண்டுமே, அதற்காக முதலில் அவற்றுக்கு அடியில் கத்தியை விட்டு வேரை அறுத்தேன். ஒவ்வொரு அறுப்புக்கும் பிஸ்மில்லாஹ் சொன்னேன். குர்பான் ஆட்டை அறுக்கும்போதுகூட இவ்வளவு கவனமாகச் சொன்னதில்லை. பந்தலை இறக்கிக் கட்டி நிழலை நெருக்கினேன். வாடியவை நிமிர்ந்த பிறகு தளிர்களுக்கு வந்தேன். பூசணியில் ஒரு காலையில் நானூறு நுனி கிள்ளிய கை, ஒரு நாற்றுக்கு முன்னால் அரைமணி நேரம் குந்திக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். இந்தப் பக்கத்தை விட்டால் ஒரு மரம். அந்தப் பக்கத்தை விட்டால் வேறொரு மரம். வேறு கிளை, வேறு நிழல், வேறு கரடி. பூசணியில் பிழை செய்தால் ஒரு கறி குறையும். இங்கே பிழை செய்தால் முந்நூறு வருடத்துக்கு அந்தப் பிழை நின்றுகொண்டிருக்கும், யானைகள் அதில் முதுகு தேய்க்கும். நூற்றுப் பதின்மூன்றுக்கும் ஐந்து நாள் பிடித்தது. இதைத்தான் புதியவர்கள் பொறுமை என்கிறார்கள். அது பயம்.

அந்த ஐந்தாம் நாள்தான் என் நிரந்தரக் கடிதமும் வந்தது. றேஞ்சர் ஐயா அதை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தபோது, நான் கடைசி நாற்றுக்கு முன்னால் குந்தியிருந்தேன். கடிதத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஐயா, இதுல எது எண்டு தெரியல்ல."

அந்த மனிதர் தடியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு முழங்காலாக முனகியபடி மடக்கி, மணலில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அந்த இரண்டு தளிரையும் பார்த்தார். வெயில் கிடுகைத் தாண்டி அவர் முதுகில் ஏறும்வரை பார்த்தார். அவர் கை ஒரு தரம் கிட்டப் போனது. நகம் ஒரு தளிரைத் தொட்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"எனக்குத் துணிவில்லையடாப்பா," என்றார். "நீயே கிள்ளு."

நான் இடது பக்கத்துத் தளிரைக் கிள்ளினேன். வெள்ளைப் பால் வந்தது. இரண்டு பேரும் அது காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாரியில் எல்லாவற்றையும் காட்டோரத்தில் நட்டோம். சிலதை மான் தின்றது, சிலதை யானை மிதித்தது. மற்றது நிற்கிறது. கடைசியாகக் கிள்ளியது இன்றைக்கு என் மணிக்கட்டுப் பருமன். நேராகத்தான் போகிறது. ஆனால் நான் விட்ட பக்கம் சரியானதா என்று தெரிய இன்னும் இருநூறு வருடமாவது வேண்டும். அதுவரை என்னை ஒருவரும் விசாரணைக்குக் கூப்பிட முடியாது.